விடை கேட்கும் வேர்

நுகுவாலு,
கண்டாவுத் தீவு
பிப்ரவரி 23

அன்பு மகள் உனாய்சிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தையில் இல்லை. அதனால்தான் சிக்னல் தேடிக் குன்று ஏறாமல் காகிதம் தேடி உட்கார்ந்திருக்கிறேன். உன்னைச் சுவாவில் கல்லூரியில் விட்டுத் திரும்பும்போது கப்பலில் வாந்தி எடுத்தது உன் அம்மா அல்ல, நான். அவள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், நீயும் தெரிந்துகொள். உன் உடம்பு எப்படி? விடுதியில் தண்ணீர் வருகிறதா?

நான்காம் ஃபாரத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் கல்லூரியைக் குறை சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் அந்த பார்மென்டரைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிரிஸ்பேனிலிருந்து வந்திருக்கிறார், 'மாணவர் வெற்றிப் பிரிவு' இயக்குநராம். அவர் முன்னால் நான் பாயில் சம்மணமிட்டு, நம் தோட்டத்து யங்கோனா வேர்க் கட்டை வைத்து, வந்தவர் வேர் வைத்துச் சொல்லும் செவுசெவுவை முறையாகத் தொடங்கினேன். "இவள் என் மகள். இன்றுமுதல் இவளை உங்கள் வீட்டுப் பிள்ளையாக, படித்து முடிக்கும்வரை..." அவ்வளவுதான். எல்லாம் கேட்டுவிட்டு, ஏற்றுக்கொண்டேன் என்று கடைசியில் தட்ட வேண்டிய கையை மனிதர் பட்பட்டென்று தட்டிவிட்டார்! கட்டைத் தூக்கி முகர்ந்தார். அதோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். எந்த ஓட்டல் நடனத்தில் பார்த்துப் பழகினாரோ! என் வாக்கியம் அந்தரத்தில் நின்றது.

கப்பலில் உன் அம்மா சொன்னாள்: "நீங்க எதைத்தான் முடிச்சிருக்கீங்க? கூரை பாதி, படகு பாதி. இப்ப பேச்சும் பாதி." அவள் சொன்னது சரி. நம் வீட்டில் எதையாவது முழுசாக முடிக்கப்போகிறவள் நீ ஒருத்திதான். அதற்குத்தான் அனுப்பியிருக்கிறேன்.

அப்பா,
அமினியாசி


சுவா
மார்ச் 11

அப்பாவுக்கு,

நான் நலம். தண்ணீர் காலையில் வரும், மாலையில் வராது. உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். அம்மா சுட்டுத் தந்த மரவள்ளி மூன்று நாள் வந்தது. அறைத் தோழி லோசலினி மறைத்து வைத்திருக்காவிட்டால் ஒரு நாள்தான் வந்திருக்கும்.

முதலில் பாடம். நில அளவை நான் நினைத்ததைவிட அழகாக இருக்கிறது. வக்கராவ் சார் கருவியை முக்காலியில் நிறுத்தி, நீர்க்குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சே விடாதே என்கிறார். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மலை உச்சியை, இங்கிருந்து அசையாமல் அளந்தேன் அப்பா. மலையின் உயரம் என் நோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. நம் ஊரில் வேலிச் சண்டை போடும் இரண்டு மாமாக்களையும் ஒரே காலையில் சமாதானம் செய்துவிடுவேன்.

அடுத்தது வேடிக்கை. உங்கள் வேர்க் கட்டு பார்மென்டருக்கு அவ்வளவு பிடித்துப்போய், 'அந்தப் பெண்ணைக் கூப்பிடு' என்று என்னைத் தன் அறையில் மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார். மஞ்சள் பனியன் கொடுத்திருக்கிறார். முதுகில் 'நான் தங்குகிறேன், நீ?' என்று எழுதியிருக்கிறது. வாசலில் பெரிய தென்னை மரம் வரைந்து அதில் ஒரு நண்டை ஒட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை பேர் படிப்பை விடாமல் தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நண்டு ஏறும், இறங்கும்.

சென்ற வாரம் மோலா தீவுப் பையன் மானோவா வேர்க் கட்டோடு வந்தான். அவன் தாத்தா காலமாகிவிட்டார், தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. நம் பிள்ளை அல்லவா, சொல்லாமல் ஓடாமல், முறையாகத் ததாவ் வேர் வைத்து விடை கேட்க வந்திருக்கிறான். தலைகுனிந்து, "என்னைப் போக விடுங்க" என்று அவன் சொல்லி நான் வாயைத் திறப்பதற்குள் பார்மென்டர் கை தட்டிவிட்டார்! வேர் வந்தாலே அன்பளிப்பு என்று நினைக்கிறார். "என்ன சொன்னான்?" என்று பிறகு கேட்டார். "நன்றி சொன்னான்" என்றேன். வேறென்ன சொல்ல? கை தட்டியதால் விடை கொடுத்தாகிவிட்டது. மானோவா அன்றே கப்பல் ஏறிவிட்டான். கட்டு சுவரில் தொங்குகிறது.

உனாய்சி


நுகுவாலு
மார்ச் 30

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். ஆனால் இரண்டு நாளாகச் சிரித்து விலா வலிக்கிறது. உன் கடிதத்தைச் சபையில் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கும்போது சத்தமாகப் படித்தேன். கிண்ணம் நீட்டுகிறவனே சிரித்துக் கொட்டிவிட்டான். போதகர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அட நண்டே! தென்னையில் நண்டு ஏறுவது தேங்காயைத் திருட என்று அந்த அறிவாளிக்கு யாரும் சொல்லவில்லையா? பிள்ளைகளைத் தங்கவைக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, போகிறேன் என்றவனுக்குக் கை தட்டி அனுப்புகிறவரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நம் ஊர் ஆட்டுப் பட்டிக்குக் காவல் வைத்தால் கதவைத் திறந்துவிட்டு ஆட்டோடு படம் எடுத்துக்கொள்வார்.

நீ வாயைத் திறக்காதே. அவராகக் கண்டுபிடிக்கட்டும், பார்ப்போம். சேப்பங்கிழங்கு மூட்டையோடு இரண்டு கட்டு வேர் அனுப்புகிறேன்; பிள்ளைகள் யாருக்காவது வேண்டுமென்றால் கொடு. வெறுங்கையோடு எவனும் விடை கேட்கக் கூடாது.

அம்மா சொல்கிறாள்: "அந்த மலையை அளந்தாளாமே, எவ்வளவு உயரம்னு கேளுங்க." எவ்வளவு?

அப்பா


சுவா
மே 6

அப்பாவுக்கு,

நலம். கிழங்குக்கு நன்றி. இருமல் இருந்தது, போய்விட்டது.

நண்டு இறங்கத் தொடங்கிவிட்டது. பார்மென்டர் தினமும் காலையில் அதன் முன் நின்று தலையைச் சொறிகிறார். "இவ்வளவு அன்பா இருக்காங்க, அப்புறம் ஏன் போறாங்க?" என்று என்னையே கேட்கிறார். சுவரில் இடமில்லை, கட்டுகளை அலமாரி மேல் அடுக்கியிருக்கிறார். இதுவரை ஒருவருக்கும் அவர் கை தட்டாமல் இருந்ததில்லை.

வக்கராவ் சார் ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் ததாவ் வைக்கவில்லை, மின்னஞ்சல் அனுப்பினார். அளவை வகுப்பு நேரத்தில் இப்போது 'நம்பிக்கை வகுப்பு' நடக்கிறது. பலூன் ஊதி அதில் நம் பயத்தை எழுதிக் குத்தி உடைக்க வேண்டும். லோசலினி தன் பலூனில் 'ஆசிரியர் இல்லை' என்று எழுதினாள். உடைத்துப் பார்த்தாள், ஆசிரியர் வரவில்லை.

இன்னும் நாலு கட்டு அனுப்ப முடியுமா? கேட்கிறார்கள்.

பாடம் நன்றாகப் போகிறது.

உனாய்சி


நுகுவாலு
ஜூன் 2

அன்பு மகளுக்கு,

சுகம். இருமலுக்கு எலுமிச்சை அனுப்பியிருக்கிறேன், தோழிகள் தின்னாமல் நீ குடி.

நாலு கட்டும் வருகிறது. கண்டாவு வேருக்கு இப்படி ஒரு காலம் வந்ததில்லை. நான் நட்டு வளர்த்ததை வைத்தே ஒரு கல்லூரி காலியாகிறது என்று ஊரில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பார்மென்டர் பெற்றோருக்கெல்லாம் அச்சடித்த கடிதம் அனுப்பியிருக்கிறார். 'உங்கள் பிள்ளையைத் தங்கவைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' கீழே கட்டங்கள், டிக் போட வேண்டுமாம். உற்சாகப்படுத்துகிறேன், ஒரு கட்டம். செவிமடுக்கிறேன், ஒரு கட்டம். ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்கிறேன் என்பதற்குக் கட்டம் இல்லை. நானே ஒன்று வரைந்து டிக் போட்டு அனுப்பினேன். என் வாழ்நாளில் முழுமையாக நிரப்பிய முதல் படிவம் அதுதான்.

ஒன்று கேட்க வேண்டும். மார்ச்சில் பாடத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாய். மே மாதம் ஒரே வரி. சுவாவில் காகிதத் தட்டுப்பாடா? மலையின் உயரமும் இன்னும் வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அப்பா


சுவா
ஜூலை 15

அப்பாவுக்கு,

நலம். அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

லோசலினி போய்விட்டாள். அவளும் உங்கள் வேரைத்தான் வைத்தாள். அவளுக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். பேசி முடித்துவிட்டு அவள் பார்மென்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கை தட்டினார். நான் "நன்றி சொல்கிறாள்" என்றேன்.

அவள் கட்டில் காலியாக இருக்கிறது. மழை.

உனாய்சி


நுகுவாலு
ஆகஸ்ட் 10

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ?

உன் கடிதத்தைச் சபைக்கு எடுத்துப் போகவில்லை. அவர்கள் கேட்டார்கள், "கைதட்டி என்ன பண்றாரு?" என்று. கடிதம் வரவில்லை என்று பொய் சொன்னேன்.

அம்மா படித்துவிட்டு மடித்து வைத்தாள். அப்புறம், "அந்தப் புள்ள எதுக்கு இவ மூஞ்சியப் பாத்துச்சாம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

பாடத்தைப் பற்றி இந்த முறை ஒரு வரிகூட இல்லை, மகளே. எழுது.

அப்பா


நுகுவாலு
ஆகஸ்ட் 24

மகளே,

கப்பல் வந்தது. அரிசி வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, போதகரின் மைத்துனன் வந்தான். உன் கடிதம் வரவில்லை. கப்பல் கணக்கரைப் பையைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னேன். "அமினியாசி அண்ணே, பொண்ணு எழுதலன்னா நான் என்ன பண்ணுவேன்? நானா எழுத முடியும்?" என்றார்.

உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டுமாவது ஒரு வரி போடு.

அப்பா


சுவா
செப்டம்பர் 7

அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடம் போய்விட்டது. அளவைத் தாளில் நான் எழுதியது பாதிப் பக்கம். ஆசிரியர் இல்லை என்று சொல்லலாம். ஆனால் மாலையெல்லாம் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு, வகுப்புக்கு வராதவர்களுக்கு 'நீ தங்கு' என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததும் நான்தான். என் புத்தகத்தைத் திறக்க நேரமில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன செவ்வாய் நானும் ததாவ் வைத்துவிட்டேன். உங்களிடம் வேர் கேட்க வாய் வரவில்லை. அதனால் பார்மென்டர் சுவரில் தொங்கிய கட்டுகளில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி அவர் முன்னாலேயே வைத்தேன். பிப்ரவரியில் நீங்கள் கொடுத்த கட்டு அப்பா, உங்கள் முடிச்சு எனக்குத் தெரியும். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "இன்னொன்றா!" என்று மகிழ்ந்து கை தட்டினார். மொழிபெயர்க்க ஆளில்லாததால் நான் சொன்னது அவருக்குப் புரியவும் இல்லை.

இருபதாம் தேதிக் கப்பலில் வருகிறேன். கூரையைப் பாதியில் விட்டவர் வீட்டுக்குப் படிப்பைப் பாதியில் விட்டவள் வந்தால் இடமிருக்கும் என்று நினைக்கிறேன்.

உனாய்சி


நுகுவாலு
செப்டம்பர் 12

உனாய்சி,

கப்பல் கணக்கரிடம் சொல்லியிருக்கிறேன், இதை உன் கையில் கொடுக்காமல் உன்னைப் பலகையில் ஏற்றக் கூடாது என்று. நின்றுகொண்டே படி.

உன் அம்மா எனக்கு முன்பே படித்துவிட்டாள். "இப்பச் சிரிங்க. சிரிங்களேன் பாப்போம்" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அது சரிதான்.

ஒருவன் ததாவ் வைத்தால் எதிரே இருப்பவன் செய்ய வேண்டியது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டை உடனே தொடக் கூடாது. ஏன் போகிறாய், யார் என்ன சொன்னார்கள், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். "இருடா, ரெண்டு நாள் இருந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு போகிறேன் என்றால்தான் கை தட்டி அனுப்ப வேண்டும். லோசலினி உன் முகத்தைப் பார்த்தது அந்த இழுப்புக்குத்தான். பார்மென்டருக்கு இது தெரியாது, அவர் மடையர், விடு. தெரிந்த நாம் இருவரும் அவரை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் கட்டுக் கட்டாக வேரும் அனுப்பினேன்.

இப்போது உன் ததாவ். அது செல்லாது.

நன்றாக யோசித்துப் பார். பிப்ரவரியில் என் செவுசெவுவை நான் சொல்லி முடிக்கவில்லை. 'படித்து முடிக்கும்வரை' என்பதோடு நிற்கிறது. 'ஒப்படைக்கிறேன்' என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. அந்த அவசரக்காரர் வரவிடவில்லை. ஆக, உன்னை நான் அவரிடம் ஒப்படைக்கவே இல்லை. ஒப்படைக்காத பிள்ளைக்கு விடை கொடுக்க அவர் யார்? அவர் தட்டியது கொசு அடிக்கத் தட்டியது. நீ இன்னும் என் பொறுப்பில் இருக்கிறாய். என் அரைகுறை வேலைகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.

விடை வேண்டுமென்றால் என்னைக் கேள். அந்தக் கட்டை எடுத்துக் கணக்கரிடம் கொடு. கட்டு வரட்டும், நீ வராதே. நான் பதில் சொல்லும்வரை நீ அங்கேதான் இருக்க வேண்டும், அதுதான் முறை. சாப்பிட்டாயா?

அப்பா


சுவா
அக்டோபர் 9

அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

நலம். அன்று சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டேன். துறைமுகத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கப்பல் கிளம்பிவிட்டது. கணக்கர் கத்தினார்: "உங்கப்பா கிறுக்கன்மா! சீட்டுக் காசு திரும்பாது!"

கட்டு எடுக்கப் போனபோது பார்மென்டர் பார்த்துவிட்டார். அப்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் ஒவ்வொரு கட்டாகத் தொட்டு, இது மானோவா, தோட்டத்துக்கு ஆளில்லை என்றான்; இது லோசலினி, ஆசிரியர் இல்லை என்றாள், என்று யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை அவர் மொழியில் சொன்னேன். நான் பொய்யாக மொழிபெயர்த்ததையும் சொன்னேன். மனிதரின் முகம் மாவு போல ஆகிவிட்டது. முதல் முறையாகக் கை தட்டவில்லை. "இவங்கள்ளாம் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் போனாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு வழக்கம்போல ஒரு குழு அமைத்தார். குழு நண்டைக் கழற்றி ஆமையை ஒட்டலாமா என்று ஆலோசிக்கிறது. ஆனால் அதற்கிடையில் அவரே நில அளவைத் துறைக்கு நடந்து போய் யாரிடமோ கெஞ்சியிருக்கிறார். சனிக்கிழமைகளில் ஒருவர் வந்து பாடம் எடுக்கிறார். மீதி இருக்கும் நாங்கள் நாலு பேரும் போகிறோம். பனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தோற்ற பாடங்களை மறுபடி எழுத வேண்டும். கஷ்டம்தான் அப்பா, பொய் சொல்ல மாட்டேன். விடை இன்னும் வேண்டும் போலத்தான் சில நாள் இருக்கிறது.

லோசலினிக்கு எழுதினேன். உன் ததாவை நான் ஏற்கவில்லை, வா என்று. பதில் இல்லை. இன்னொன்று எழுதப்போகிறேன்.

கட்டு இந்தக் கப்பலில் வருகிறது. முறைப்படி கேட்கிறேன்: விடை கொடுங்கள்.

அம்மாவிடம் சொல்லவும், மலை நானூற்றுப் பதினைந்து மீட்டர். மார்ச்சில் அளந்தது தப்பு. இந்தச் சனிக்கிழமை மறுபடி அளந்தோம்.

உனாய்சி


நுகுவாலு
அக்டோபர் 30

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் சமாதானத்துக்கு வந்திருக்கிறது. உன் அம்மா என்னோடு பேசுகிறாள், பேசாமலே இருந்திருக்கலாம்.

கட்டு வந்து சேர்ந்தது. கணக்கர் வீட்டுக்குள் கொண்டுவந்து எனக்கு எதிரே பாயில் வைத்தார். நான் தொடவில்லை. அங்கேயே கிடக்கிறது. அம்மா பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குகிறாள். மழை வந்தால் கூரை இல்லாத பக்கத்திலிருந்து சாரல் அடிக்கிறது. அதற்காகவே நேற்று ஏணி போட்டு இரண்டு தகடு அடித்தேன். ஊரே வந்து நின்று பார்த்தது.

விருந்தாளிகள் கேட்கிறார்கள், "என்ன அமினியாசி, ததாவை எடுக்காம வெச்சிருக்கே?" என்று. யோசிக்கிறேன் என்று சொல்கிறேன். நான் மெதுவாக யோசிக்கிறவன், எல்லோருக்கும் தெரியும். அநேகமாக அடுத்த வருடம் நவம்பர்வரை ஆகும்.

பட்டமளிப்பு மண்டபத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது எல்லோரும் கை தட்டுவார்களாமே. கட்டையும் கொண்டுவருகிறேன், வாந்தி எடுத்தாலும் கப்பலில் வருகிறேன். அன்றைக்குத் தட்டுகிறேன். அதுவரை என் இரண்டு கையும் மடியில்தான் இருக்கும்.

அப்பா